பழைய கம்ப்யூட்டர் வாங்கலாம், உரிமத்தையும் கேட்டு வாங்குவோம்

நெல்லிவாசல்நாட்டில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கணக்குப் பயிற்சியாளர் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்.



இன்றைய கூட்டப் பொருளில் மூன்றாவதாக இருப்பது கூட்டமைப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது. புதுசு வாங்கப் பணம் பத்தாது, பழசு கீழே டவுனில் கிடைக்குது, வாங்கலாமா வேணாமா என்று போன கூட்டத்திலேயே கேட்டீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம் இல்லையா, அதே மாதிரி இதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று மிஷின். இன்னொன்று அதுக்குள்ளே ஓடுகிற சாஃப்ட்வேர், அதாவது மென்பொருள். மிஷினை எல்லாரும் பார்ப்பார்கள். மென்பொருளின் உரிமத்தை யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்கு அதிகம் பேசப் போகிறேன்.

இது ஏதோ கம்ப்யூட்டர் படிச்சவங்க விஷயம் என்று நினைத்து விடாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் போகப் போவது என்ன? நம்முடைய சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கிக் கடன் தவணை. யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. புளி குத்தி, சாமை விற்று, கூலிக்குப் போய்க் கட்டின காசு. அந்தக் கணக்கு ஒரு நாள் காலையில் திறக்கவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

பழசு என்றால் மட்டமா?

இல்லை. நம்ம ஜவ்வாது மலையிலேயே காவலூரில் வானிலை இல்லீங்க, வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கிற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே இருக்கிற ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-ல் நிறுவப்பட்டது. 1977-ல் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதைக் கவனித்துப் பதிவு செய்த கருவிகளில் அதுவும் ஒன்று. பழைய கருவிதான். பராமரிப்பு இருந்ததால் பல பத்தாண்டுகள் உழைத்தது. பெரிய கம்பெனிகள் நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துக் கட்டுகிற கம்ப்யூட்டர்கள் நம்ம கணக்கு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

மிஷினைப் பார்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆன் செய்து ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். அதற்குள் சூடேறி நின்றுவிட்டாலோ, ஃபேன் கரகரவென்று கத்தினாலோ வேண்டாம். கீபோர்டில் எல்லா எழுத்தையும் ஒரு முறை அடித்துப் பாருங்கள். பென் டிரைவ் சொருகும் இடம் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். ராம் 8 ஜிபி இருந்தால் நல்லது, 4 ஜிபிக்குக் குறையக் கூடாது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுத் தரச் சொல்லுங்கள், வேகம் நன்றாக ஏறும். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி தப்பாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், உள்ளே நாணயம் போல இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஆன் செய்ததும் பழைய கம்பெனியின் பெயர் வந்து பாஸ்வேர்டு கேட்டால், அது அந்தக் கம்பெனி போட்ட பூட்டு. அதை எடுக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 2011 முதல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு இலவச மடிக்கணினி கொடுத்தது. அரசு முத்திரை போட்ட அந்த லேப்டாப்பை யாராவது மலிவாகக் கொடுக்கிறேன் என்று வந்தால் கூட்டமைப்புப் பணத்தில் வாங்கவே கூடாது. அது விற்பனைக்காகக் கொடுத்தது இல்லை.

உரிமம் என்றால் என்ன?

ஊராட்சிப் புளியமரத்தை ஏலம் எடுக்கிறோம். பணம் கட்டியாச்சு, ரசீது கையில் இருக்கு. அதனால் மரம் நம்முடையதா? இல்லை. அந்த வருஷத்து மகசூலை எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டும்தான் நம்முடையது. மரத்தை வெட்ட முடியாது. அடுத்த ஊர் மரத்தையும் சேர்த்து உலுக்க முடியாது. மென்பொருளும் இப்படித்தான். விண்டோஸுக்குக் காசு கொடுத்தவர் விண்டோஸை வாங்கவில்லை. இன்ன நிபந்தனைப்படி பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அனுமதியை வாங்கியிருக்கிறார். அந்த அனுமதிக்குப் பெயர்தான் உரிமம், லைசென்ஸ்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முதல் சொந்தக்காரர் வாங்கிய உரிமம் மிஷினோடு சேர்ந்து நமக்கு வருகிறதா, வரவில்லையா? விண்டோஸ் உரிமத்தில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

முதல் வகை, கம்ப்யூட்டர் தயாரிக்கும்போதே சேர்த்து வருவது. ஓ.இ.எம். என்பார்கள். இது வீட்டுக்குக் கொடுத்த கரண்ட் கனெக்‌ஷன் மாதிரி. வீட்டை விற்றால் கனெக்‌ஷன் வீட்டோடு போகும். கழற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மிஷினைச் சட்டப்படி வாங்கினால் இந்த உரிமமும் கூடவே வரும். ஆனால் மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையைக் கடைக்காரர் வேறு மாற்றியிருந்தால் பழைய உரிமம் அதோடு போச்சு.

இரண்டாவது வகை, கடையில் தனியாகக் காசு கொடுத்து வாங்குவது. இதை ஒரு மிஷினிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம், வேறொருவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே மிஷினில்தான்.

மூன்றாவது வகை, பெரிய கம்பெனியோ கல்லூரியோ மொத்தமாக வாங்குவது. இது கம்பெனி ஆட்களுக்குக் கொடுக்கிற பஸ் பாஸ் மாதிரி. வேலையை விட்டால் பாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த மிஷினை அவர்கள் விற்றுவிட்டால் அந்த உரிமம் நமக்கு வராது.

எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் எக்ஸ்.பி., விஸ்டா, 7 காலத்து மிஷின்களில் அடியிலோ பக்கத்திலோ 25 எழுத்து எண் கொண்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அந்த எண்ணைத் தயாரிப்பாளரே மிஷினுக்குள் இருக்கும் சிப்பில் பதித்துவிடுகிறார். அதனால் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்த விண்டோஸை, அதே பதிப்பாகப் பார்த்து, நம் கண்ணெதிரே புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். எண் கேட்காமல், இன்டர்நெட் வந்தவுடன் தானாகவே ஆக்டிவேட் ஆனால் நல்ல அறிகுறி.

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் என்று ஒரு பகுதி இருக்கும், அதையும் திறந்து பாருங்கள். டிஜிட்டல் உரிமம் என்று காட்டினால் சரி. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்ற பொருளில் வந்தால் உஷாராகிவிடுங்கள். ஒன்று, அது பழைய கம்பெனியின் மொத்த உரிமம். இல்லையென்றால் ஆக்டிவேட்டர் என்ற திருட்டுப் புரோகிராமைப் போட்டு ஏமாற்றிய வேலை. இந்த வகை ஆக்டிவேஷன் 180 நாளைக்குத்தான் செல்லும், அதற்குள் கம்பெனியின் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நம்ம மலையில் அந்த சர்வர் எங்கே இருக்கிறது? வாங்கின அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஆறு மாசம் கழித்துத் திரையில் எச்சரிக்கை வரும்போது கடைக்காரர் போனை எடுக்க மாட்டார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸுக்கு உரிமம் இருந்தால் போதாது. எம்.எஸ். ஆஃபீஸுக்குத் தனி உரிமம். டேலி கணக்கு மென்பொருளுக்குத் தனி உரிமம். டேலியை உரிமம் இல்லாமல் படிப்பதற்காக மட்டும் திறக்கலாம், ஆனால் அதில் மாதத்தின் 1, 2-ஆம் தேதிகளிலும் கடைசித் தேதியிலும்தான் பதிவு போட முடியும். நம்ம குழுக் கூட்டம் பத்தாம் தேதி நடந்தால் என்ன செய்வது? ‘எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தரேன்’ என்று கடைக்காரர் சொன்னால், ‘எதெதுக்கு லைசென்ஸ் இருக்குன்னு பில்லுல எழுதிக் குடுங்க’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

திருட்டுக் காப்பியால் என்ன கெட்டுப் போகும்?

‘ஊரெல்லாம் அப்படித்தான் ஓட்டறாங்க, நமக்கு மட்டும் என்ன’ என்று சிலர் கேட்கலாம். சட்டத்தைச் சொல்கிறேன், பயமுறுத்த இல்லை. 1957-ஆம் வருஷத்து பதிப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்று ஒரு பிரிவு உண்டு. திருட்டுக் காப்பி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினால் 7 நாளுக்குக் குறையாமல் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. லாபத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நாம் முத்திரை வைத்து, தீர்மானம் போட்டு, தணிக்கைக்குக் கணக்குக் காட்டுகிற அமைப்பு. நம்ம சொத்துப் பதிவேட்டில் ஏறுகிற பொருளில் திருட்டுச் சரக்கு இருக்கலாமா?

சட்டத்தை விட எனக்குப் பெரிய கவலை வேறு. ஆக்டிவேட்டரைப் போடும்போது முதலில் என்ன சொல்வார்கள் தெரியுமா? ‘ஆன்ட்டிவைரஸை நிறுத்துங்க’ என்பார்கள். காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, முகம் தெரியாத ஆளுக்குக் கதவைத் திறந்து விடுகிற மாதிரிதான் இது. அதன் வழியாக வைரஸ் வந்தால் நமக்குத் தெரியாது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, காசு கொடுத்தால்தான் திறப்பேன் என்று திரையில் எழுதிக் காட்டியது. இத்தனைக்கும் அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத மிஷின்கள்தான் மாட்டிக்கொண்டன. திருட்டுக் காப்பி வைத்திருப்பவர்கள் பலர், எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறார்கள்.

பழைய விண்டோஸுக்கும் இதே ஆபத்து உண்டு. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல் மிஷினாக இருந்தால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசஸரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இன்றைக்குக் கம்பெனிகள் நிறைய மிஷின்களைக் கழித்துக் கட்ட இதுவும் ஒரு காரணம். ஆகவே ‘விண்டோஸ் 10 ஒரிஜினல் இருக்கு’ என்றால் அது மட்டும் பத்தாது. 11 ஏறுமா என்று கேட்டு, ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஏறாது என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அந்த மிஷினுக்கும் ஒரு வழி இருக்கிறது.

காசில்லாத வழி, திருட்டில்லாத வழி

நம்ம மலையில் சாமை விதை எப்படிக் கைமாறும்? ஒரு அக்கா ஒரு படி விதை கொடுப்பாள். விதைக்கலாம், சாப்பிடலாம், அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கலாம், பக்கத்துக் கொல்லைக்காரிக்கும் கொடுக்கலாம். லினக்ஸ் என்ற மென்பொருள் இந்த மாதிரி. 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி வைத்தார், உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். இதற்கும் உரிமம் உண்டு. யாரும் பயன்படுத்தலாம், காப்பி எடுக்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமையை வாங்குபவருக்கும் சேர்த்துக் கொடு என்பதுதான் அதன் நிபந்தனை. நெல்லிவாசல்நாட்டுக் கூட்டமைப்பு ஏற்றிக்கொண்டு, அதே பென் டிரைவைப் புதூர்நாட்டுக்கும் புங்கம்பட்டுநாட்டுக்கும் கொடுத்தாலும் ஒரு குற்றமும் இல்லை.

இது யாரோ படித்தவர்கள் மட்டும் பயன்படுத்துவது என்று நினைக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த 2006, 2007 வாக்கில் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் பாஸ் என்ற லினக்ஸை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் வந்தது. நம்ம பிள்ளைகள் பலர் அதைத் திறந்தே பார்க்காமல் விட்டிருப்பார்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள்.

லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை 4 ஜிபி ராம் உள்ள பழைய மிஷினிலும் ஓடும். கணக்கு எழுதுவதற்கு லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது, 2010 முதல் வருகிறது, இலவசம். மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழ்99 கீபோர்டும் வரும். கடிதம், தீர்மானம் எல்லாம் யூனிகோடு எழுத்தில் அடியுங்கள், பழைய எழுத்துருவில் அடித்தால் வேறு மிஷினில் திறக்கும்போது புரியாத எழுத்தாகத் தெரியும். தமிழில் படித்துக் கற்றுக்கொள்ள 2012-ல் தொடங்கிய கணியம் மின்னிதழில் கட்டுரைகள் இருக்கின்றன.

ஏற்றுவதற்கு ஒரு 8 ஜிபி பென் டிரைவும், டவுன்லோடு செய்ய நல்ல இன்டர்நெட்டும் வேண்டும். இதைக் கீழே திருப்பத்தூரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். முதலில் மிஷினில் ஏற்றாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். ஏற்றும்போது டிஸ்க்கில் உள்ளதை முழுசாக அழிக்கச் சொல்லுங்கள். முந்தைய ஆளின் ஃபைல்கள் நமக்கு வேண்டாம், அவர் விட்டுப்போன வைரஸும் வேண்டாம்.

குறையையும் சொல்ல வேண்டும். டேலி மாதிரி சில புரோகிராம்களும், சில கைரேகைக் கருவிகளும் விண்டோஸில்தான் ஓடும். நாம் செய்யப் போகும் வேலைப் பட்டியலை முதலில் எழுதுங்கள். அதில் விண்டோஸ் இல்லாமல் முடியாத வேலை ஒன்று இருந்தாலும் உரிமம் உள்ள விண்டோஸ் மிஷினாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. கணக்கு, கடிதம், பிரின்ட், இணையத்தில் விண்ணப்பம், இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் போதும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் சும்மாவே எல்லாம் போட்டுத் தரேன்னு சொல்றான். வேணாம்னு சொல்லலாமா?

பையனை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அவன் திறமை நமக்கு வேண்டும். ‘கண்ணு, திருட்டுக் காப்பி வேணாம், லினக்ஸ் போட்டுக் குடு, போடும்போது எங்களுக்கும் சொல்லிக் குடு’ என்று கேளுங்கள். பாஸ்வேர்டை மட்டும் நம்ம செயலாளரும் பொருளாளரும்தான் வைக்க வேண்டும். அதை எழுதி உறையில் போட்டு ஒட்டி, கூட்டமைப்புப் பெட்டியில் வையுங்கள். நம்ம கணக்கைத் திறக்க இன்னொருத்தர் வீட்டு வாசலில் காத்திருக்கக் கூடாது. 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து, பெண்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுத வேண்டும் என்பதற்காகத்தான் கையெழுத்துப் போடப் பழகினோம். கம்ப்யூட்டர் வந்ததும் அதை இழந்துவிட வேண்டாம்.

போன்லயே எல்லாம் செய்யலாமே, கம்ப்யூட்டர் எதுக்கு?

போன் ஒருத்தருடைய சொந்தப் பொருள். அவர் பிள்ளை கேம் விளையாடுவான், அவர் வேலைக்குப் போனால் போனும் கூடப் போய்விடும். எல்லாக் குழுவின் கணக்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க, பிரின்ட் எடுத்துக் கூட்டத்தில் படிக்க, கூட்டமைப்புக்கென்று ஒரு பொது மிஷின் இருப்பதுதான் நல்லது.

அப்போ நோட்டை நிறுத்திடலாமா?

கூடாது. நோட்டு இருக்கட்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் இரண்டு நாள் வராத ஊர் நம்முடையது. இடி இடிக்கும்போது பிளக்கையே பிடுங்கி வைக்க வேண்டும். யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மாதக் கூட்டம் முடிந்த அன்றே கணக்கை இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்து, ஒன்றைக் கூட்டமைப்புப் பெட்டியிலும் இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் பொருளாளர் வீட்டிலும் வையுங்கள். மிஷின் கெட்டாலும் கணக்கு கெடாது.

தீர்மானமாக எழுத வேண்டியவை

பேச்சோடு நின்றுவிடாமல் இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

1. கம்ப்யூட்டர் பார்க்க மூன்று உறுப்பினர்கள் சேர்ந்தே போக வேண்டும். தனி ஆளாகப் போகக் கூடாது.

2. கடையின் பெயர், மிஷினின் சீரியல் எண், எந்த மென்பொருளுக்கு என்ன உரிமம் என்ற விவரம், எத்தனை மாதம் வாரண்டி, இவை எல்லாம் உள்ள பில் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

3. கூட்டமைப்பு மிஷினில் உரிமம் இல்லாத எந்த மென்பொருளையும் ஏற்றக் கூடாது.

4. நான்கு உறுப்பினர்களாவது இதை இயக்கப் பழக வேண்டும். அதில் இரண்டு பேராவது நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

5. மாதா மாதம் காப்பி எடுத்ததைப் பொருளாளர் கூட்டத்தில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

நாலாவதைக் கேட்டுச் சில அக்காமார்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்காதீங்க. பத்து வருஷம் முன்னாடி ஏ.டி.எம். கார்டைத் தொடவே பயந்தவர்கள் இன்றைக்குப் பேரப்பிள்ளைக்குக் காசு அனுப்புகிறீர்கள். இதுவும் கைப்பழக்கம்தான். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவோடு வருகிறேன். யார் முதலில் உட்காரப் போகிறீர்கள் என்று இப்போதே பெயர் கொடுங்கள்.